முயலா, முயலா?

போன கிழமை ஓகூஸ் என்கிற எங்கள் டேனிஷ் நகரத்தில் ட்ராமில் போய்க்கொண்டிருந்தேன். வெளியே நல்ல மழை. ஒரு தரிப்பில் இளம்பெண் ஒருத்தி ஏறினாள், கயிற்றில் ஒரு விப்பெற் நாய். ஒல்லி உடம்பு, குச்சிக் கால், இடுப்பு என்று ஒன்றே இல்லாத நாய்ச் சாதி அது, தெரிந்திருப்பீர்கள். அதற்கு மழைக்கோட்டு வேறு போட்டிருந்தது. என்னுடையதைவிட நல்ல கோட்டு. இத்தனை இடம் வெறுமையாகக் கிடக்க, அது நேரே வந்து என் முழங்காலில் சாய்ந்து நின்றது. அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள், நான் பரவாயில்லை என்றேன். ஆனால் நனைந்த நாய்மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு எல்லாம் தவறிப்போயிற்று. இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு தரிப்பு போய்விட்டேன். மழையில் திரும்பி நடந்து வரும்போது ஒரு ஆளைத் திட்டிக்கொண்டே வந்தேன். வழியில் போனவர்கள் நான் போனில் கதைக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த மணம் என்னை முதலில் கொண்டுபோய் விடுவது மைக்கின் பழைய வானுக்குள். மைக் அயர்லாந்துக்காரன். பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசையில் நின்று வெட்டியவன். டேனிஷ் ஒரு சொல் பழகமாட்டேன் என்று சபதம் எடுத்தவன் போலிருந்தான். என்னோடு மட்டும் இங்கிலீசில் ஓயாமல் கதைப்பான். மழைநாளில் பஸ்ஸுக்கு நிற்க விடாமல் வானில் ஏற்றிக்கொண்டு போவான். உள்ளே ஏறினால் நனைந்த நாய், சிகரெற், பழைய உருளைக்கிழங்குப் பொரியல், மூன்றும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். பின்னால் இரண்டு நாய்கள் படுத்திருக்கும். ஒன்று விப்பெற், மண்ணிறக் குட்டி, பெயர் தெரியாது. மைக் அதைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, விசில்தான் அடிப்பான். மற்றது லேர்ச்சர், வேட்டைக்கென்று கலந்து எடுத்த சாதி. உயரம், சாம்பல் மயிர், பார்த்தால் சவரம் எடுக்காத வாத்தியார் மாதிரி இருக்கும். அதன் பெயர் மொலி.

மைக்குக்கு ஊருக்குத் திரும்பவேண்டி வந்தது. இரண்டு நாயையும் கொண்டுபோக வழியில்லை. ஒன்றை நீ எடு, மற்றதை வீட்டுச் சொந்தக்காரி எடுக்கிறாள், எது வேண்டும் என்று நீயே சொல் என்றான். நானோ வீட்டில் மீன்தொட்டிகூட வைக்காத ஆள். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஒரு நாய் தேவைப்பட்டது. எனக்கும் தவம் அண்ணைக்கும்.

தவம் அண்ணையைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் நல்லதைத்தான் முதலில் சொல்லவேண்டியிருக்கிறது, அதுதான் எரிச்சல். நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிரில், பஸ் நிலையத்தில் நான் நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்துத் தன் ஜக்கெற்றைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டவர் அவர். அதுவரை என்னை ஆளே தெரியாது. அதற்குப் பிறகு வேலை எடுத்துத் தந்தது, வீடு பார்த்துத் தந்தது, என் கலியாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாய் நின்றது எல்லாம் அவர்தான். எனக்குப் பத்து வயது மூப்பு. வெகு முந்தியே வந்தபடியால், சட்டங்கள் இளகியிருந்த காலத்திலேயே டேனிஷ் குடியுரிமையும் எடுத்துவிட்டார்.

மொழி மட்டும் அவருக்கு ஏறவில்லை. எனக்கு அது எப்படியோ பிடிபட்டுவிட்டது. ஆகவே அவருடைய நாக்கு நான்தான். ஆஸ்பத்திரி, வங்கி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எங்கே என்றாலும் "தம்பி, ஒருக்கா வாரும்" என்று ஒரு போன். எனக்கு அதில் பெருமை, மறைப்பானேன். எங்கேயோ ஒரு வகுப்பில் போயிருந்து, மொழிபெயர்ப்பாளன் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது, 'நான்' என்றே சொல்லவேண்டும், சொல்லுக்குச் சொல் கொடுக்கவேண்டும், தன் கதையைக் கலக்கக்கூடாது என்றெல்லாம் படித்து வைத்திருந்தேன். ஒருமுறை டொக்டரிடம் தவம் அண்ணைக்காக "எனக்கு மூலம், உட்கார முடியவில்லை" என்று தெளிவான டேனிஷில் சொன்னேன். அங்கே நின்ற தாதி எங்கள் தெருக்காரி. அதற்குப் பிறகு பல வருடம் அவள் என்னைக் கண்டால் இரக்கத்தோடு விசாரிப்பாள்.

இரண்டு பேருக்கும் நகரத்து எல்லையில் பக்கத்துப் பக்கத்தில் வாடகைத் தோட்டம் இருந்தது. கொலொனிஹேவ என்பார்கள், ஒரு துண்டு நிலம், ஒரு மரக் குடில், சுற்றி வேலி, எல்லாவற்றுக்கும் ஒரு சங்கம். நான் முளைக்கீரை போட்டேன், தவம் அண்ணை பீற்றூட்டும் வெங்காயமும். வேலிக்கு அப்பால் ஒரு கமக்காரரின் பெரிய வயல். நாங்கள் விதைத்ததை முயல் தின்றது. மிச்சத்தைத் தின்ன அடுத்த நாளும் வந்தது. வலை கட்டினோம், மிளகாய்த்தூள் தூவினோம், தவம் அண்ணை ஒரு பழைய ரேடியோவை இரவு பகலாகப் பாடவிட்டார். சங்கத்தில் இருந்து ரேடியோவுக்குத்தான் புகார் வந்தது. முயலுக்குப் பாட்டுப் பிடித்திருக்க வேண்டும்.

இப்படித்தான் ஒரு ஞாயிறு மைக்கின் வீட்டு முற்றத்தில், ஒரு பக்கம் விப்பெற், மறுபக்கம் லேர்ச்சர், நடுவில் நாங்கள் இருவரும் பெண் பார்க்கப் போனவர்கள் மாதிரி நின்றோம். மைக் விளக்கினான். தோட்டத்தில் வளை தோண்டி வாழும் சின்ன முயலுக்கு விப்பெற்தான் சரி, அது வளைக்குள் பாய்வதற்குள் பத்துப் பாய்ச்சலில் மடக்கவேண்டும், அந்த வேகம் விப்பெற்றுக்கு உண்டு. திறந்த வயலில் ஓடும் பெரிய முயலுக்கு லேர்ச்சர், ஏனென்றால் அது நெடுந்தூரம் ஓடும், நாய்க்கு மூச்சுப் பிடிப்பு வேண்டும். இங்கிலீசில் அவனிடம் இரண்டு விலங்குக்கும் இரண்டு சொல் இருந்தது. டேனிஷிலும் உண்டு, வளை முயல் கனீன், வயல் முயல் ஹார. என்னிடம் இருந்தது ஒரே சொல். குழிமுயல் என்று ஒன்று அகராதியில் இருப்பதைப் பிறகு கண்டுபிடித்தேன், ஆனால் எங்கள் ஆட்களில் அப்படி ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"முயலுக்கு இது நல்லதாம் அண்ணை," என்று விப்பெற்றைக் காட்டினேன். "முயலுக்கு அதுவும் நல்லதாம்."

தவம் அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு மொலியைப் பார்த்தார். எனக்கு விப்பெற்றில்தான் விருப்பம். அது என் காலில் சாய்ந்துகொண்டு நின்றது. அந்த ஒல்லி உடம்பின் சூடு காற்சட்டைக்குள்ளால் தெரிந்தது. எங்களுக்குத் தோட்டத்து முயல்தானே பிரச்சினை, சின்ன நாய் போதும், சாப்பாடும் குறைவு என்று எவ்வளவோ சொன்னேன். மூன்று கிழமை வேலைக்குப் போகும் வழியெல்லாம் இதே கதை. கடைசியில் "பெரிசு கிடைக்கேக்க ஏன் தம்பி சின்னனை எடுப்பான்" என்றார். அண்ணை சொன்னால் சரி. மொலியை எடுத்தோம். நாயைப் பதிவு செய்யவேண்டும் என்றபோது என் பெயரிலேயே பதியச் சொன்னார். தன்னுடைய டேனிஷோடு போனால் நாய்க்குப் பதிலாகப் பூனை என்று எழுதிவிடுவார்கள் என்றார். நானும் சிரித்துக்கொண்டு பதிந்தேன்.

மொலி வந்து ஒரு மாதம் ஆகவில்லை, சங்கத்துத் தலைவர் வேலியில் கையூன்றி நின்று ஒரு விஷயம் சொன்னார். இந்த நாட்டில் இந்த ஓட்டச் சாதி நாய்களை வைத்து வேட்டையாடவே கூடாதாம். விப்பெற்றும் கூடாது, லேர்ச்சரும் கூடாது. மூன்று கிழமை நாங்கள் பிடித்த சண்டையை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க முடியாத ஒன்றும் இருந்தது. அந்த வருடம்தான் நான் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தேன். மனைவி மொழிச் சோதனையில் இன்னும் தேறவில்லை, ஆகவே எல்லாம் என் விண்ணப்பத்தில்தான் தொங்கியது. மகளுக்குப் பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவள், ஆனால் டேனிஷ்காரி இல்லை. எனக்குக் கிடைக்கும்போது அவள் பதினெட்டுக்குள் இருந்தால், அவளுக்கும் என்னோடு சேர்ந்து கிடைக்கும். நடுவில் பெரிய அபராதம் ஒன்று வந்தால் எல்லாம் வருடக்கணக்கில் தள்ளிப்போகும்.

இதைத் தவம் அண்ணையை இருத்தி வைத்துச் சொன்னேன். மொலி அவருடைய குடிலடியில் காவலுக்கு மட்டும், அதன் மணத்துக்கே முயல் ஓடிவிடும், ஒருநாளும் கயிற்றை அவிழ்ப்பதில்லை என்று பேசிக்கொண்டோம். "உம்மட மகளும் என்ர பிள்ளை மாதிரித்தானே, நான் அவிழ்ப்பனோ" என்றார். நான் அதற்குமேல் யோசிக்கவில்லை. அந்த ஆளில் சந்தேகப்படுகிற பழக்கம் எனக்கு இருக்கவில்லை.

பிறகு வந்த ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிறு தவம் அண்ணை வீட்டில் சாப்பாடு. இறைச்சிக் கறி. நிறம் கறுத்து, எலும்பு மெல்லிசாய், பிரட்டல் மாதிரி வைத்திருந்தார் அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா. ஆட்டிறைச்சி என்றார்கள். ஆட்டுக்கு ஏது இப்படி நீட்டு மெல்லிய கால் என்று நான் கேட்டதும், அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததும், அக்கா சிரித்துக்கொண்டு இன்னொரு அகப்பை போட்டதும் நல்ல ஞாபகம். மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன். நல்ல கறி என்று புகழ்ந்தும் விட்டு வந்தேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை நான் கீரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்க, தவம் அண்ணையின் குடிலடியில் ஒரு பொலிஸ்காரியும் பக்கத்து வயல் கமக்காரரும் வந்து நின்றார்கள். தவம் அண்ணை என்னைக் கைகாட்டி, தனக்குத் தெரிந்த சில டேனிஷ் சொற்களில் ஒன்றைச் சொன்னார், மொழிபெயர்ப்பாளன். நான் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, உதவி செய்யக் கிடைத்ததே என்ற சந்தோசத்தோடு போனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

கமக்காரர் சொன்னது இதுதான். தன் வயலில் ஒரு நாய் முயலைத் துரத்தியதைப் போன மாதத்தில் இரண்டு தரம் கண்டிருக்கிறார். கூட ஒரு ஆள், நீல ஜக்கெற், கறுத்த தலைமயிர். முகம் தெரியவில்லை. எனக்கும் தவம் அண்ணைக்கும் தொழிற்சாலை தந்த ஒரே நீல ஜக்கெற்தான். மொலி குடில் வாசலில் தவம் அண்ணையின் சப்பாத்தில் தலை வைத்துப் படுத்திருந்தது.

பொலிஸ்காரி நாய் யாருடையது என்று கேட்டாள். நான் தமிழில் கேட்டேன்.

"எனக்கு நாய் இல்லை எண்டு சொல்லும்."

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "சொல்லும் தம்பி. நாய் உம்மட பேரிலதானே இருக்கு. நான் பொய் சொல்லேல்லையே."

படித்த படிப்பு அப்போதுதான் வந்து கழுத்தைப் பிடித்தது. "எனக்கு நாய் இல்லை," என்று டேனிஷில் சொன்னேன். "நாய் இந்த மனிதரின் பெயரில்தான் இருக்கிறது." அப்படிச் சொல்லிக்கொண்டே என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். பொலிஸ்காரி எழுதுவதை நிறுத்திவிட்டாள். இப்போது கதைப்பது அவரா நீயா என்று கேட்டாள். அவர்தான் என்றேன். அப்படியானால் நாய் உன்னுடையதா என்றாள். ஓம் என்றேன். பதிவு என் பெயரில் இருக்கிறது, ஆனால் இருவருக்கும் பொது, நான் ஒருநாளும் அதை வயலுக்குக் கொண்டுபோனதில்லை என்று சொல்லத் தொடங்கினேன். முதலில் அவரை முடிப்போம், பிறகு நீ உன்னுடையதைச் சொல் என்று மறித்தாள். சரியான முறை அதுதான். அந்த முறையைப் பற்றி எனக்கு அவளைவிட நன்றாகத் தெரியும்.

அடுத்து அவள் கேட்டது, பிடிபட்டது கனீனா ஹாரவா என்று. அதில் வித்தியாசம் உண்டு. கனீன் தோட்டத்தை அழிக்கிற பிராணி, அதற்கு ஒரு எச்சரிக்கையோடு விட்டிருப்பாளோ என்னவோ. ஹாரவை அந்த மாதத்தில் யாரும் தொடக்கூடாது. நான் தவம் அண்ணையின் பக்கம் திரும்பினேன். என் வாயில் இருந்து வந்தது இதுதான்:

"அது முயலா, முயலா எண்டு கேக்கிறா."

கமக்காரருக்கும் பொலிஸ்காரிக்கும் ஒன்றும் விளங்கவில்லை. தவம் அண்ணைக்கு விளங்கியது. மைக்கின் முற்றத்திலும் அவருக்கு விளங்கித்தான் இருந்தது என்று அந்தக் கணத்தில் எனக்கும் விளங்கியது. எந்த முயலுக்கு எந்த நாய் என்று அவருக்கு என்னுடைய மொழிபெயர்ப்புத் தேவைப்பட்டிருக்கவில்லை. வேலிக்கு அப்பால் இருந்த வயலைத்தான் அவர் முதல்நாளில் இருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"முயல்தான்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இவரும் சாப்பிட்டவர்தானே, எங்கட வீட்டில. அதையும் சொல்லும்," என்றார்.

மூன்று தரம் போட்டுச் சாப்பிட்ட அந்த நீட்டு எலும்பு வயல் முயலினுடையது என்று அப்போது தெரிந்தது. கனீன் என்று சொல்லியிருக்கலாம். அங்கே தமிழ் தெரிந்த மூன்றாவது ஆள் இல்லை. அவர் சொன்னதையே மாற்றி, 'நான்தான் நாயைக் கொண்டுபோனேன்' என்றும் சொல்லியிருக்கலாம். பொலிஸ்காரி அதையும் எழுதியிருப்பாள். நான் ஹார என்றேன். இந்த மனிதரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டார் என்றேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அது நேர்மை என்று அன்று நினைத்தேன். திமிர் என்று இப்போது நினைக்கிறேன். என் முறை வந்தபோது நான் சொன்னதெல்லாம், அதற்கு முதல் நானே சொல்லி முடித்ததற்கு எதிராக நின்றது.

அன்று பின்னேரம் தவம் அண்ணை என் வீட்டுக்கு வந்தார். அந்த வருடம் கோவில் நிர்வாகசபைத் தலைவர் பதவிக்கு அவர் நின்றார். முயல் பிடித்துப் பிடிபட்ட ஆள் என்று கதை வந்தால் முடிந்தது, ஒரு மாதம் பொறும், தெரிவு முடிந்ததும் நானே பொலிசுக்கு வந்து உண்மையைச் சொல்கிறேன் என்றார். கண்ணெல்லாம் கலங்கி இருந்தது. நான் நம்பினேன். என் மனைவி தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, அவர் போனதும், இந்த ஆள் வரமாட்டார் என்று ஒரே வசனத்தில் சொன்னாள். அவளோடு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தேன்.

அவர் தலைவரானார். நான் கோவிலுக்குப் போய் நின்றேன். விபூதித் தட்டோடு வந்தார், வாற கிழமை என்றார். அடுத்த கிழமையும் அதற்கடுத்த கிழமையும் அதே சொல். பொலிசுக்குப் பதில் கொடுக்கிற தவணை முடிந்தது. நாய் என் பெயரில் இருந்தபடியால் அபராதக் கடிதமும் என் பெயருக்கு வந்தது. குடியுரிமை வருடக்கணக்கில் தள்ளிப்போயிற்று, அந்த இடைவெளியில் மகளுக்குப் பதினெட்டு வந்தது. எனக்குப் பிறகு கிடைத்தது. அவள் தனியாக எழுதினாள், இப்போது இருபத்துநாலு வயது, ஓல்போர்க்கில் படிக்கிறாள், அவளுக்கு இன்னும் வரவில்லை. வகுப்போடு வெளிநாட்டுக்குப் போகும்போது இவளுக்கு மட்டும் தனி வரிசை, தனிக் கேள்வி. பிறந்த நாட்டில் தான் யார் என்று அவள் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கதையை முழுதாகக் கேட்ட அன்று, "அப்பா, ஏன் நீ கனீன் என்று சொல்லவில்லை" என்று டேனிஷில் கேட்டாள்.

மொலியை விபோர்க் பக்கம் பெரிய வளவு வைத்திருந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தோம். அது போகும்போது வானின் பின்கண்ணாடியால் பார்த்துக்கொண்டு போனது. என்னை இல்லை, எனக்குப் பின்னால் தவம் அண்ணை எங்காவது நிற்கிறாரா என்று. நாயோடு எனக்குக் கோபமில்லை. அதற்கு ஓடத் தெரியும், ஓடவிட்டவரை அதற்குப் பிடித்திருந்தது.

இப்போது அங்கே ஒன்றும் இல்லை. தோட்டங்கள் இருந்த இடத்தில் மாடி வீடுகள் வந்துவிட்டன. முயல்களுக்கு ஏதோ நோய் வந்து ஒரு கோடையிலேயே இல்லாமல் போயின. தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். டேனிஷ் பாஸ்போட்டை வைத்துக்கொண்டு எங்கள் ஆட்களில் கனபேர் லண்டனுக்குப் போய்விட்டார்கள். தவம் அண்ணையும் குடும்பத்தோடு போய்விட்டார். சொல்லிக்கொள்ளவில்லை. நானும் அதற்குப் பிறகு யாருக்கும் மொழிபெயர்க்கப் போனதில்லை. கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பேன். கொஞ்ச நாளில் கூப்பிடுவதும் நின்றுபோயிற்று.

இந்த வருடத் தொடக்கத்தில் லண்டன் இலக்கத்தில் இருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. டேனிஷில் ஒரு கடிதம், கீழே ஒரு வரி: "தம்பி, சுகமோ? இதில என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கா சொல்லும்." இத்தனை வருடத்துக்குப் பிறகு, அவ்வளவுதான். வாசித்தேன். ஓய்வூதியக் கடிதம். வெளிநாட்டில் இருப்பவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று சாட்சிக் கையெழுத்தோடு எழுதி அனுப்பவேண்டும், இல்லாவிட்டால் பணம் நின்றுபோகும். இரண்டு நாள் அப்படியே விட்டேன். மகள், பதில் போடாதே என்றாள். மூன்றாம் நாள் சொல்லுக்குச் சொல் தமிழில் எழுதினேன். "நீங்கள் உயிரோட இருக்கிறீங்களோ எண்டு கேக்கிறாங்கள். ஓமெண்டு எழுதிச் சாட்சிக் கையெழுத்தோட அனுப்பவேணும். தவணை இருக்கு, பிந்தவேண்டாம்." அண்ணை என்ற சொல்லை மட்டும் போடவில்லை.

உடனே பதில் வந்தது. "உதென்ன கேள்வி தம்பி. நான் இருக்கிறன் எண்டு உமக்குத் தெரியும்தானே."

ஓம் என்று எழுதப் பார்த்தேன். இரண்டே எழுத்து. வரவில்லை.